யாரையும் கேட்காத சதை

போர்வையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த மருதாத்தாள் அதைத்தான் முதலில் பார்த்தாள். போகும்போது அவளே நாலு பக்கமும் இழுத்துவிட்டு, ஓரத்தைக் கட்டில் சட்டத்துக்கடியில் செருகிவிட்டுப் போன போர்வை. இப்போது இடது குதிகாலுக்குக் கீழே துணி சுருண்டு மேலேறியிருந்தது. கட்டிலில் கிடந்தது அவள் புருஷன் சென்னியப்பன். கழுத்துக்குக் கீழே அவன் ஒரு விரலை அசைத்து இரண்டு வருஷமாகிறது.

மாசி மாதம். கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பகலெல்லாம் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், ஓட்டு இடுக்கில் காற்று புகுந்து சீழ்க்கையடிக்கும் சத்தம், எங்கோ ஒரு மட்டை பிடி விட்டுத் தொப்பென்று விழும் சத்தம், இவை போக மனுஷச் சத்தம் என்று அந்த வீட்டைச் சுற்றி எதுவும் கிடையாது. புழுதிக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்ததால் நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. அந்த இருட்டில் தைல வாடையும், அவள் எவ்வளவு துவைத்தாலும் போகாத படுக்கை வாடையும் தங்கிக் கிடந்தன.

"காத்துல போர்வ நகுந்துருச்சுங்களா மாமா?" என்றாள்.

"கழுத்துக்குக் கீழ நடக்கறதெல்லாம் என்னையக் கேட்டா? அங்க வேற எவனோ குடியிருக்கறான். அவனக் கேளு."

சென்னியப்பனுக்கு வாய் மட்டும் மிச்சம். வாயிலும் கேலி மட்டும் மிச்சம். மற்ற நாளாயிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையை மறுபடி இழுத்துச் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. தோப்புக்கு நடுவே அந்த ஒற்றை வீடு, அவன், அவள், இவ்வளவுதான் குடும்பம். நன்றாக இருந்த காலத்தில் சென்னியப்பன் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டினால் பார்க்க ஆள் நிற்கும். ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது வடம் விறைத்துத் தோல்சால் நிறையத் தண்ணீர் மேலேறும்; அவன் அந்த வடத்தின் மேலேயே உட்கார்ந்து ஊஞ்சல் போல இறங்குவான். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்தே மேலே ஏறி வரும். சால் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது வடம் அறுந்தது. பிடரி கல்லில் பட்டது. அவ்வளவுதான். மாடுகளை விற்றார்கள். நிலத்தைப் பங்காளி அர்த்தநாரிக்கு, விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு விட்டார்கள். முதலில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போனார்கள். வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

வாரம் தவறாமல் வந்தவர் சகாயம் மட்டும்தான். மூணாறுப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்று, கோவிந்தாபுரத்தில் மகள் வீட்டோடு இருப்பவர். சைக்கிளில் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார். கட்டிக்கொண்டே பேசுவார். பேசாமல் அவருக்குக் கை ஓடாது.

"சதைன்னா ஏதோ மாவு உருண்டைன்னு நெனைக்காதீங்கம்மா," என்று ஆரம்ப நாட்களில் ஒருமுறை சொன்னார். "அது கயிறு. நாரு நாராச் சேந்து ஒரு புரி, புரி புரியாச் சேந்து ஒரு வடம். ஒவ்வொரு நாருக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத நூலு இருக்கு." இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே கோத்து, ஒன்றுக்குள் ஒன்றை நழுவ விட்டுக் காட்டினார். "இந்தா, இப்படித்தான் நூலுக்குள்ள நூலு நழுவும். நழுவுனா சதை குறுகும். குறுகுனா எலும்ப இழுக்கும். சதைக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும், தள்ளத் தெரியாது."

"அப்பறம் மடக்குன காலு எப்பிடிங்க நீளுது?"

"அந்தாப் பக்கம் ஒரு சதை இருக்குல்லா. இது இழுக்கும்போது அது விட்டுக்குடுக்கும். அது இழுக்கும்போது இது விட்டுக்குடுக்கும். இவருக்குத் தலையில இருந்து வார கம்பி பிடரியில அறுந்துபோச்சு. சொல்ல ஆளில்லாம ரெண்டும் சும்மா கெடக்கு. சும்மா கெடந்தா வத்திப்போகும், இறுகிப்போகும். தெனமும் நீங்கதான் மடக்கி மடக்கி நீட்டணும்."

அவள் மறுபடி கேட்டாள். "நெஞ்சுக்கு ஆருங்க சொல்றாங்க?"

"நெஞ்சும் சதைதான். ஆனா அது யாரையும் கேக்காது. தானே அடிக்கும். குடலும் அப்படித்தான், யாரையும் கேக்காமத் தள்ளிக்கிட்டே கெடக்கும். அது வேற வகை, வரியில்லாத சதை. ஆனா நெஞ்சுச் சதைய எடுத்துப் பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்தா, கால் சதை மாதிரியே வரி வரியாத்தான் இருக்கும். எங்க டாக்டர் காட்டியிருக்காரு."

"ரெண்டும் ஒரே நெசவுங்களா?"

"கிட்டத்தட்ட," என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை மருதாத்தாளுக்குள் விழுந்து முளைத்துவிட்டது. ஒரே நெசவு என்றால் ஒரே பழக்கமும் வரத்தானே வேண்டும்? நெஞ்சு கேட்காமல் அடிக்கிறதென்றால் காலும் கேட்காமல் நடக்கக் கூடாதா? பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பேச்சுத் துணைக்கு ஒரு தலையும், அதற்குக் கீழே ஒரு மரக்கட்டையுமாக எத்தனை காலம் ஓட்டுவது? அவன் எழுந்து ஓடியாட வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் கை அவள் கையைப் பிடித்தால் போதும். அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சகாயத்துக்குத் தெரிந்த முறை வேறு. கவலைக் காட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தெரிந்த முறை வேறு. புதுக் காளைகளை அவளும் பழக்கியிருக்கிறாள். முதலில் ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இறங்குவதற்கு ஒரு 'ஹை'. பின்னுக்கு ஏறி வருவதற்கு நீட்டி ஒரு 'ஓ'. கொஞ்ச நாளில் கயிறு வேண்டாம், சத்தம் போதும். இன்னும் கொஞ்ச நாளில் சத்தமும் வேண்டாம். ஆள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாலும் மாடு பாட்டுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருக்கும்.

அப்படித்தான் அவள் அந்தக் கால்களைப் பழக்கினாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் குதிகாலைத் தன் நெஞ்சுக்கூட்டில் ஊன்றிக்கொண்டு, சாய்ந்து மடக்கும்போது 'ஹை' என்பாள். விலகி நீட்டும்போது 'ஓ' என்பாள். பிறகு கை. விரல்களை மூட 'ஹை', பிரிக்க 'ஓ'. காலை, மதியம், சாயங்காலம். மாதக்கணக்கில்.

"என்னையென்ன காளைக்கன்னுன்னு நெனச்சயா?" என்று சென்னியப்பன் முதலில் கத்தினான். பிறகு கேலி செய்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

இப்போது போர்வையில் மடிப்பு.

அந்த வாரம் சகாயம் வந்து கெண்டைக்காலைத் தொட்டவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அமுக்கிப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். சதை உருண்டு திரண்டு, அழுத்திய விரலைத் திருப்பித் தள்ளியது.

"ஏர் ஓட்டுத ஆளு காலு மாதிரில்லா இருக்கு," என்றார் மெதுவாக.

"நல்லதுதானுங்க?"

"படுத்தே கெடக்க மனுசனுக்கு இது வரக்கூடாதும்மா." வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "கொஞ்ச நாளைக்கு மடக்கி நீட்டுதத நிப்பாட்டி வையிங்க. அதுவா வெட்டி இழுக்கும் சில சமயம். ஆசப்பட்டுறாதீங்க."

அவள் தலையாட்டினாள். சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு தரம் கூடவே செய்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கரண்டு போனது. மோட்டார் ஓடாததால் அர்த்தநாரி பழைய கவலையைப் பூட்டினான். அவன் கிணறு தோப்புக்கு அந்தப் பக்கம். மருதாத்தாள் சென்னியப்பனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். காற்று ஒரு மூச்சு நின்றது. அந்த இடைவெளியில் அர்த்தநாரியின் குரல் தெளிவாக வந்தது.

"ஹை..."

போர்வைக்குள் முழங்கால் எழுந்தது.

அவள் கையில் கரண்டி நின்றது. முழங்கால் கூடாரம் போலப் போர்வையைத் தூக்கி நின்றது. தோப்புக்கு அப்பாலிருந்து நீண்ட 'ஓ' வந்தது. கால் மெதுவாக இறங்கி நீண்டது.

"மாமா," என்றாள். "மாமா, காலு. உங்க காலு."

அவன் தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றான். மறுபடி 'ஹை' வந்தது. மறுபடி முழங்கால் எழுந்தது. அவள் அழுதுவிட்டாள். இத்தனை நாள் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரே காலைப்பொழுதில் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அழுதாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகை நின்றது.

"அது நானில்ல புள்ள," என்றான் சென்னியப்பன். உதடு வெளுத்திருந்தது. "சத்தியமா நானில்ல."

வெயில் ஏறியதும் அர்த்தநாரி மாடுகளை அவிழ்த்துவிட்டான். குரல் நின்றது.

கால் நிற்கவில்லை.

எழுந்தது. இறங்கியது. வலது காலும் சேர்ந்துகொண்டது, ஒன்று எழ ஒன்று இறங்க. பிறகு கைகள். விரல்கள் மூடின, பிரிந்தன. மருதாத்தாள் முழங்காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். அது அவளையும் சேர்த்துத் தூக்கியது. 'ஓ' என்று கத்தினாள். கால் நீண்டது, மறுபடி எழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். திரும்பி வரக் கற்றுக்கொடுத்தாள். நிற்பதற்குச் சத்தமே கிடையாது. மாட்டை நிறுத்துவதென்றால் நுகத்தை அவிழ்க்க வேண்டும். இங்கே எதை அவிழ்ப்பது?

அதன் பிறகு வீட்டில் அமைதி என்பதே இல்லை. கட்டில் சட்டம் ஒரே தாளத்தில் கிறீச்சிட்டது. அம்மியில் அரைக்க உட்கார்ந்தால் அவள் கை அந்தத் தாளத்துக்குத்தான் போனது. எருமையின் காம்பைப் பிடித்தால் பால் அந்தத் தாளத்தில்தான் பீய்ச்சியது. மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கை தானே திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. வேட்டியைக் கிழித்துக் கால்களைச் சட்டத்தோடு கட்டினாள், கட்டு இற்றுப்போனது. சாப்பிட்டதெல்லாம் உடம்புக்குப் போனது. தோளும் தொடையும் இளவட்டத்துக்குப் போலப் பொங்கின. முகம் மட்டும் ஒட்டி உலர்ந்து, அந்தப் பெரிய உடம்பின் மேல் யாரோ தவறுதலாக வைத்துவிட்டது போலத் தலையணையில் கிடந்தது.

"நிறுத்து புள்ள," என்று அவன் கெஞ்சினான். "தூங்க முடியல. எனக்கு வலிக்கக்கூட இல்ல. ஆனா தூங்க முடியல."

அர்த்தநாரியிடம் சொல்லியனுப்பியதும் சகாயம் வந்தார். எழும் காலை இரண்டு கையாலும் பிடித்தார். கால் அவரைக் கட்டில் வரை இழுத்து, தள்ளி, மறுபடி இழுத்தது. விட்டுவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு தளருதும்மா. இம்புட்டுச் சதைக்கும் அதுதானே ரத்தம் எறைக்கணும். எத்தன நாளைக்கு எறைக்கும்?" அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருவோம். நோம்பி முடிஞ்சதும் கார் பேசிட்டு வாரேன். இப்ப ஒரு டிரைவரும் சிக்க மாட்டான்."

மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. அர்த்தநாரி வீட்டாரும் வண்டி கட்டிப் போனார்கள். சுற்று வட்டாரத்தில் நாய்கூடக் குரைக்கவில்லை. காற்று தோப்பை உலுக்கியது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

மதியம் சாய்ந்த நேரத்தில் சென்னியப்பன் கூப்பிட்டான். குரல் உதட்டுக்கு வெளியே வரவில்லை. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கையப் புடிச்சுக்க, மருதா."

பிடித்துக்கொண்டாள். அவன் விரல்கள் அவள் விரல்கள் மேல் மூடின. வெதுவெதுப்பாக, பலமாக. இரண்டு வருஷமாகக் காத்திருந்த பிடி. அது அவனுடைய பிடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு கணம் அவளுக்கு இனித்தது. விரல்கள் பிரிந்தன. மூடின. அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டன.

அவள் மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. மூக்கருகே புறங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. யாரையும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு சதை ஓய்ந்துவிட்டது.

மற்றவை ஓயவில்லை.

முழங்கால் எழுந்தது. இறங்கியது. செத்த முகம் தலையணையில் அசைந்தது, இப்படியும் அப்படியும். வாய் திறந்துகொண்டது. யாராவது தாடையைக் கட்ட வேண்டும். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்ட முடியுமா? அவள் மாலைவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழக்கூடத் தோன்றவில்லை. கை மூடியது, பிரிந்தது. பிரியும்போதெல்லாம் தன் கையை உருவிக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்தது. அவளைப் பிடித்து வைத்தது எதுவுமில்லை. உருவிக்கொண்டால் அப்புறம் யார் கை? அதனால் விட்டு வைத்தாள்.

காற்று நின்றது. தோப்பு அடங்கியது. கட்டில் சத்தம்கூடத் தணிந்தது. கால்கள் ஒவ்வொன்றாக நீண்டு கிடந்தன, குளிர ஆரம்பித்திருந்தன. கை மட்டும் இன்னும்.

அந்த அமைதியில்தான் அவள் கவனித்தாள். அவன் விரல்கள் மூடும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஒரு அடி விழுந்தது. பிரியும்போது அங்கே ஒன்றுமில்லை. மூடியது, அடித்தது. பிரிந்தது, ஒன்றுமில்லை.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். விரல்கள் பிரிந்த நேரம் பார்த்துக் கையை உருவினாள்.

நெஞ்சு அடிக்கவில்லை.

காத்திருந்தாள். அடிக்கவில்லை. காது அடைத்தது. ஜன்னல் இடுக்கு வெளிச்சம் சுருங்கியது. வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை. தடவித் தடவிக் குளிர்ந்த உள்ளங்கையைத் தேடிப் பிடித்தாள். விரல்கள் அவள் மேல் மூடின.

அடித்தது.

"ஹை," என்றாள். விரல்கள் கேட்கவில்லை. அவை இப்போது யாரையும் கேட்பதில்லை.

வெளியே வண்டிச் சத்தம். மாட்டுக் கழுத்து மணி. நோம்பியிலிருந்து திரும்பிய அர்த்தநாரி வாசலில் நின்று கூப்பிட்டான். "நங்கையா, வெளக்கு வெக்கலீங்களா?" அண்ணன் மனைவியை அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். "அண்ணன் தூங்கறாருங்களா?"

வருவான். பார்ப்பான். அழுவான். ஆட்கள் கூடுவார்கள். அவள் கையைப் பிரித்து அந்தப் பக்கம் உட்கார வைப்பார்கள். குளிப்பாட்டுவார்கள். விடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

கதவு தள்ளும் சத்தம் கேட்டது. மருதாத்தாள் அவன் மணிக்கட்டை மறு கையாலும் இறுக்கிப் பற்றிக்கொண்டாள். விறைக்கத் தொடங்கியிருந்த விரல்கள் அவள் விரல்கள் மேல் மூடின, கொஞ்சம் தாமதமாக. பிரிந்தன. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.